கடைசி உறைபனி நாள்: ஜூன் ஒன்று, தோராயமாக

1.

இதைக் கதையாக எழுத நான் உட்காரவே இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏப்ரல் மாதம், தபால் நிலைய வாசலில், எங்கள் ஊர்த் தோட்டக்காரர் சங்கத்தின் செயலாளர் ஆர்டிஸ் க்வாம் அம்மையார் என்னை மடக்கினார்.

"மிஸ்டர் நீல், நீங்க ஏதோ எழுதுவீங்களாமே?"

என் பெயர் நீலமேகம். இருபத்திரண்டு வருஷமாக இந்த வட மினசோட்டா ஊரில் அதில் இரண்டு எழுத்துதான் புழக்கத்தில் இருக்கிறது. மேகத்தை எல்லையிலேயே பறிமுதல் செய்துவிட்டார்கள்.

"எப்பவாவது எழுதுவேன்..."

"சங்கத்து இதழுக்கு ரெண்டு பக்கம் வேணும். உறைபனி விழற தேதிய வச்சு வீட்டுத் தோட்டத்துக்கு எப்படித் திட்டம் போடறதுன்னு. போன தடவ பல் டாக்டர் எழுதுனாரு, ஒருத்தருக்கும் புரியல."

"எனக்குத் தோட்டமே வராதுங்க. போன வருஷம் முள்ளங்கிகூட வரல."

"தெரியும், தெருவே பாத்துச்சே. உங்களால முடிஞ்சா யாரால வேணா முடியும்னு படிக்கறவங்களுக்கு ஒரு தெம்பு வரும்."

எழுதினேன். இரண்டு பக்கம், ஆங்கிலத்தில், படம் எல்லாம் போட்டு. அந்தக் கட்டுரையில் இரண்டே சொற்கள் விட்டுப்போயின. அந்த இரண்டு சொற்களால் வந்த வினைதான் இது. இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் மொழிப்பற்று என்று சொன்னால் கேட்க நன்றாயிருக்கும். உண்மைக் காரணம், பக்கத்து வீட்டு வெய்னோ ஹாக்காலாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

2.

எப்படித் தொடங்குவது?

தொடக்கம் அ: "எங்கள் ஊர் குளிர் வரைபடத்தில் மூன்றாம் மண்டலத்தில் இருக்கிறது. அதாவது இங்கே பிழைக்க நினைக்கும் எந்த மரமும்..." (இது அந்தக் கட்டுரையின் முதல் வரி. சொந்தச் சரக்கையே திருடக்கூடாது.)

தொடக்கம் ஆ: "மரங்களும் மனிதர்களைப் போலத்தான், வேர் விட்ட இடத்தில்..." (வேண்டாம். இந்த வாக்கியத்தை முடித்திருந்தால் நானே இந்தக் கதையை மூடி வைத்துவிட்டுப் போயிருப்பேன்.)

தொடக்கம் இ: "ஒவ்வொரு அக்டோபரிலும் வெய்னோ ஹாக்காலா தன் பீச் மரத்தைத் தூங்கவைப்பார்."

இது இருக்கட்டும். ஏனென்றால் இது உவமை இல்லை. அறுபத்தெட்டு வயது மனிதர், இரும்புத்தாது ரயிலில் முப்பத்தைந்து வருஷம் பிரேக் பிடித்தவர், மரத்தின் ஒரு பக்க வேரை மண்வெட்டியால் தளர்த்திவிட்டு, கயிறு கட்டி, மெதுவாக, மிக மெதுவாகத் தரையோடு சாய்ப்பார்.* மேலே வைக்கோல். அதற்கு மேல் பழைய கம்பளி. அதற்கு மேல் வானம் தன் பங்குக்கு நாலடி பனியைக் கொட்டும். ஏப்ரல் கடைசியில் பனி உருகியதும் தோண்டியெடுத்து, நிமிர்த்தி, முட்டுக்கொடுத்து, மண்ணை மிதித்துவிட்டுச் சொல்வார்: "எழுந்திரு." நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

ஏழு வருஷம் மரம் எழுந்தது, பூக்கவில்லை. ஒரு வருஷம் எலி பட்டையைக் கடித்தது. ஒரு வருஷம் மேலே போர்த்தப் பனி போதாமல் மொட்டெல்லாம் கருகியது. இந்த வருஷம், மே இருபதாம் தேதி, ஆள் உயரமுள்ள அந்த வளைந்த மரம் முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்து நின்றது. சமையலறை ஜன்னல் வழியே பார்த்தபோது, யாரோ வேறு ஊரின் கனவைத் தவறுதலாக எங்கள் தெருவில் இறக்கிவிட்டுப் போனதுபோல இருந்தது.

(* எங்கள் மாநிலத்தில் ரோஜாச் செடியை இப்படித்தான் குளிருக்குப் படுக்கவைப்பார்கள். பீச் மரத்தை யாரும் படுக்கவைப்பதில்லை, யாரும் நடுவதே இல்லையென்பதால். பீச் ஐந்தாம் மண்டலத்து மரம்.)

3.

இங்கே கொஞ்சம் கட்டுரை வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். இது தெரியாமல் போனால் சனிக்கிழமை என்ன ஆபத்து என்பது உங்களுக்குப் புரியாது.

மண்டல எண் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லும்: குளிர்காலத்தின் மிக மோசமான இரவு எவ்வளவு மோசமாக இருக்கும் என்பதை. எண் கூடக்கூடக் குளிர் குறையும். மரம் சாகுமா பிழைக்குமா என்பது அதில் தெரியும். பூ பிழைக்குமா என்பது தெரியாது. அதற்கு இன்னொரு காகிதம் இருக்கிறது, கடைசி உறைபனி நாள். எங்கள் ஊருக்கு ஜூன் ஒன்று. அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் இங்கே எல்லாமே. எட்டு வாரம் முன்னால் தக்காளி விதையை வீட்டுக்குள் தட்டில் போடு, நாலு வாரம் முன்னால் வெள்ளரி. மே கடைசியில் வரும் போர்வீரர் நினைவுநாள் திங்கட்கிழமை கல்லறைகளுக்குப் பூ வைத்துவிட்டு வந்து, அதே மண்ணான கையோடு நாற்றை எடுத்து வெளியே நடு.

மார்ச் மாதம் ஜன்னல் விளிம்புவரை பனி நிற்கும்போது, கட்டம் போட்ட தாளில் பென்சிலால் ஒரு சதுரம் வரைந்து "பீன்ஸ்" என்று எழுதியிருக்கிறீர்களா? அந்தச் சதுரத்துக்குள் ஒரு ஜூலை மாதம் முழுதாக இருக்கும். வண்டுச் சத்தம்கூடக் கேட்கும். ஊரே அப்படித் தாள்களுக்குள் மூன்று மாதம் வாழும்.

ஆனால் ஜூன் ஒன்று என்பது சட்டம் இல்லை. பல வருஷத்து உறைபனிகளைக் கூட்டி வகுத்தால் வரும் நாள். பனிக்கு அந்தத் தாள் போய்ச் சேர்ந்ததா என்று யாருக்கும் தெரியாது.

இனி வெய்னோவின் மனைவி டெல்லா.

ஜார்ஜியாக்காரி. அது எட்டாம் மண்டலம். இரண்டு பேருக்கும் இது இரண்டாம் கல்யாணம். இங்கே வந்து எட்டு குளிர்காலம் ஆயிற்று. இந்தப் பிப்ரவரியில் தபால் பெட்டிக்குப் போகும் வழியில் பனிக்கட்டியில் வழுக்கி, இடுப்பில் அடிபட்டு, மூன்று வாரம் படுக்கை. எழுந்து நடந்த முதல் நாள் காபி போட்டுக்கொண்டே சொன்னார்:

"வெய்னோ, ஒம்பதாவது குளிர்காலம் எனக்கு வேணாம். எங்க அக்கா வீட்டு மாடி காலியாத்தான் கெடக்கு."

வெய்னோ இரண்டு நாள் பேசவில்லை. இது அவருக்குச் சாதாரணம். மூன்றாம் நாள் கேட்டார்:

"மரம் காய்ச்சா?"

டெல்லா சிரித்தார். "காய்ச்சா இருக்கேன்."

அவ்வளவுதான் பந்தயம். மறுநாள் காலை காபிக் கடையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இந்த ஊரில் பனி மட்டும்தான் மெதுவாக உருகும்.

4.

இதில் மரமும் பந்தயமும் வருகிற பகுதியை முதலில் எழுதி முடித்தது வெள்ளிக்கிழமை, மீதியெல்லாம் பிறகு சேர்த்தது. வேலிக்கு அந்தப் பக்கம் டெல்லா நின்றார்.

"என்ன கண்ணு, ஒரு வாரமா தலையச் சொறிஞ்சுக்கிட்டே எழுதற? நான் இருக்கேனா அதுல?"

பொய் சொல்ல எனக்கு ஐந்து நிமிஷ முன்னறிவிப்பு வேண்டும். வரிவரியாகச் சொல்லிக் காட்டினேன். கைகட்டிக் கேட்டார்.

"ஏன் கண்ணு, 'குளிருது'ங்கறதத் தவிர எனக்கு வேற வசனமே தரலியா நீ?"

"இல்லீங்க, அது..."

"நாப்பது வருஷம் நான் ஒரு நூல் மில்லுல சம்பளப் பட்டுவாடா பாத்தவ. முன்னூறு ஆம்பளைங்கள வரிசையில நிக்க வச்சவ. நீ என்னடான்னா ஜன்னல் ஓரமா போர்வையப் போத்தி உக்கார வச்சிருக்க."

(போர்வை வாக்கியத்தை அடித்துவிட்டேன். மேலே தேடாதீர்கள்.)

"அப்புறம் அந்தப் பீச்சு. அத ஏதோ எனக்கு அமிர்தம் மாதிரி எழுதியிருக்க பாரு. எனக்கு அது ஆகாது."

"ஆகாதுன்னா?"

"தோல்ல இருக்கே பூனமுடி, அது பட்டாலே ஒதடு வீங்கிடும். சின்ன வயசுலேர்ந்தே. எங்கம்மா என்னப் பீச்சுத் தோட்டத்துப் பக்கமே விடமாட்டா."

பேனாவைக் கீழே வைத்தேன். "இது வெய்னோவுக்குத் தெரியுமா?"

"கல்யாணமான வருஷம் இந்த ஆளு மரக்கன்னு ஒண்ணக் கொண்டாந்து, 'உன் ஊரு மரம்'னாரு. மூஞ்சியப் பாத்தியா நீ அப்ப? பாக்கல. நான் பாத்தேன். எட்டு வருஷமா அதத் தூங்க வைக்கறாரு, எழுப்பறாரு. எப்படிக் கண்ணு சொல்றது?"

"அப்ப உங்களுக்கு ஜார்ஜியா போகணும்ங்கறதும்..."

"அது நெசம்." சிரிப்பு போய்விட்டது. "இடுப்பு வலி நெசம். பயம் நெசம். விழுந்து கெடந்தப்ப வானத்தப் பாத்துக்கிட்டே இருபது நிமிஷம் கத்தினேன், யாருக்கும் கேக்கல. இத எழுதிக்க."

எழுதிக்கொண்டேன். அந்த இருபது நிமிஷமும் நான் வீட்டில்தான் இருந்தேன், விதைப் பட்டியல் படித்துக்கொண்டு. இதை யாரும் எழுதச் சொல்லவில்லை.

5.

சனிக்கிழமை காலை வானொலியில் சொன்னார்கள்: ஞாயிறு விடியலில் இருபத்தாறு டிகிரி. எங்கள் அளவையில் முப்பத்திரண்டில் தண்ணீர் உறையும். இருபத்தெட்டு வரை பீச் பூ பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கும். இருபத்தாறில்...

(வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை.)

வெய்னோ கலங்கவில்லை. ஏணியில் நின்றிருந்தார். கையில் கிறிஸ்துமஸ் சீரியல் லைட்டு, ஆறு பெட்டி.

"நீ எழுதினியே நீல். மரத்துல லைட்டு சுத்தினா பூவுக்குச் சூடு கெடைக்கும்னு."

ஆமாம், எழுதியிருந்தேன். இரண்டாம் பக்கம், கீழே, கட்டம் போட்டு. என் எழுத்தை ஒருவர் படித்து, நம்பி, ஏணி ஏறுகிறார்! ஏணியைப் பிடித்துக்கொண்டேன். மூன்று மணி நேரம் கிளைகிளையாகச் சுற்றினோம். சுற்றிலும் கழி நட்டு, மேலே பெட்ஷீட் போட்டோம். பூப்போட்டவை, கோடுபோட்டவை, ஒரு மூலையில் முயல் படம் போட்டது. தெரு முழுக்க அன்று பெட்ஷீட்தான். பூச்செடி, ருபார்ப் என்னும் புளிப்புத் தண்டுச்செடி, அவசரப்பட்டு நட்டவர்களின் தக்காளி எல்லாம் போர்த்திக்கொண்டு நின்றன. ஊரின் படுக்கையறைகள் எல்லாம் காலாற வெளியே வந்து நிற்பதுபோல இருக்கும் அந்த மாலைகளில்.

சூரியன் சாய்ந்ததும் சுவிட்சைப் போட்டார். துணிக்குள்ளிருந்து நீலமும் சிவப்புமாக ஒரு வெளிச்சம் ஊறி வந்தது. நான் வாயைத் திறந்து "ஆகா" என்றேன். என்னைப்போன்றவர்களால் செய்ய முடிவது அதுதான்.

டெல்லா கைத்தடி ஊன்றி வந்தார். துணியை விலக்கி ஒரு பல்பை இரண்டு விரலால் பிடித்தார். விடவில்லை. பிடித்தபடியே நின்றார்.

"வெய்னோ."

"ம்."

"இது ஜில்லுனு இருக்கு."

"இப்பத்தான போட்டேன்."

"எவ்ளோ நேரம் போட்டாலும் ஜில்லுனுதான் இருக்கும்யா. இது எல்.இ.டி. உங்க அம்மா என்னப் பாத்த பார்வைக்கூட இதவிடச் சூடா இருந்துச்சு."

வெய்னோ ஒரு பல்பைத் தொட்டார். இன்னொன்றை. பிறகு என்னைப் பார்த்தார்.

"எந்த லைட்டுன்னு நீ எழுதலயே நீல்."

குண்டு பல்பு. சூடாகுமே, அந்தப் பழைய குண்டு பல்பு. இந்த இரண்டு சொல்தான். இடம் போதவில்லை என்று எடுத்தேன். எடுத்த இடத்தில் ஒரு முயல் படம் போட்டேன்.

6.

இந்த இடத்தில் கதை எழுதத் தெரிந்தவர் யாராக இருந்தாலும் தெருவையே திரட்டியிருப்பார். வீட்டுக்கு வீடு நிலவறைக் கதவு திறக்கும், ஆளுக்கொரு பழைய சரம், தெருவெல்லாம் வெளிச்சம், கண்ணில் நீர். நானும் எழுதிப் பார்த்தேன், ஒன்றரைப் பக்கம். நடந்தது என்னவென்றால், ஆர்டிஸ் அம்மையார் மட்டும் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார். அதில் பாதி பியூஸ். மீதியில் நாலு எரிந்தது.

"வேற யாரு வீட்டுலயும் இல்ல. மின்சாரத்த மிச்சம் பண்ணுங்கன்னு போன வருஷம் நம்ம இதழ்லயே எழுதி எல்லாரையும் மாத்த வச்சேன்," என்றார். "நான் எழுதினது மட்டும் எல்லாருக்கும் புரிஞ்சு தொலைச்சிருக்கு."

வெய்னோ தோட்டத்தின் கோடியில் இருக்கும் தன் சௌனாக் கொட்டகையைப் பார்த்தார். அதன் புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது, சனிக்கிழமை ஆயிற்றே. சனிக்கிழமை மாலை அடுப்பு மூட்டி, கல்லைக் காயவைத்து, அதில் தண்ணீர் ஊற்றி, ஆவியில் வியர்த்து உட்கார்வது அவருக்குக் குளியல் இல்லை, அதற்கு மேல். அவர் கல்யாணம் சனிக்கிழமை. அன்றும் விருந்தை விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தவர். டெல்லா எட்டு வருஷத்தில் ஒருநாளும் அதற்குள் கால் வைத்ததில்லை. "இந்தப் புழுக்கத்துலேருந்து தப்பிக்கத்தான நான் ஜார்ஜியாவ விட்டே வந்தேன்" என்பார்.

வெய்னோ கொட்டகைக்குள் போனார். கனத்த தோல் கையுறையோடு, ஒரு இரும்பு வாளியோடு வெளியே வந்தார். வாளி நிறையக் கல். நாலு மணியிலிருந்து காய்ந்த கல்.

"இன்னைக்குச் சௌனா?" என்றேன்.

"மரம் பண்ணட்டும்," என்றார்.

ஆறு வாளி, துணிக்குள் மரத்தைச் சுற்றி வைத்தோம். சூடு தரைக்கு மேலே காற்றை நெளியவைத்தது. ஆர்டிஸ் தன் நாலு பல்பையும் கௌரவத்துக்காக மாட்டிவிட்டுப் போனார். துணியில் வாளி பட்டுத் தீப்பிடிக்காமல் உள்ளே ஒருவர் இருந்து பார்க்கவேண்டும். ஆறினால் குரல் கொடுக்கவேண்டும்.

"நான் இருக்கேன்," என்றார் டெல்லா. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு துணிக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல்: "அடக் கடவுளே. இதுக்குள்ள புழுங்குது!"

வெய்னோவின் முகத்தில் என்ன நடந்தது என்று சரியாக வர்ணிக்க எனக்கு வராது. சிரிப்பு என்றால் கொஞ்சம் அதிகம். இன்னொரு நாற்காலியை எடுத்துக்கொண்டு அவரும் உள்ளே போனார். வண்ணத் துணிமேல் இரண்டு நிழல், நடுவில் ஒரு வளைந்த மரத்தின் நிழல். மூன்று பேரும் ஒரே உயரமாகத் தெரிந்தார்கள்.

7.

நான் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டேன். கதாசிரியன் தூங்கக்கூடாத நேரம்தான். ஆனால் அதற்கு முன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து முடிவுகளுக்குத் திட்டம் போட்டேன், கட்டம் போட்ட தாளில்.

முடிவு ஒன்று: பூ பிழைக்கிறது. செப்டம்பரில் ஒரே ஒரு பழம். வெய்னோ அதை இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவருகிறார். டெல்லா சாப்பிட்டே ஆகவேண்டும். (உதடு வீங்கும். ஊரே பார்த்துக் கைதட்டும். இவ்வளவு கொடுமைக்காரனா நான்?)

முடிவு இரண்டு: பூ கருகுகிறது. டெல்லா போகிறார். பின்னாலேயே வெய்னோவும். எட்டாம் மண்டலத்தில், ஒரு மாடி வராந்தாவில், அக்டோபர் மாதம், படுக்கவைக்க எதுவும் இல்லாமல் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கீழே தெருவெல்லாம் பீச் மரம், யார் தயவும் வேண்டாமல் நின்றபடியே தூங்குகிறது. (இதை எழுதும்போது எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.)

முடிவு மூன்று: பூ கருகுகிறது, ஆனாலும் டெல்லா இருந்துவிடுகிறார், பாவம் பார்த்து. (இது எல்லாவற்றிலும் மோசம்.)

மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. மூன்றிலும் முடிவெடுப்பது வானிலை. பிரச்சினையை வெய்னோ மரத்தின் தலையில் கட்டினார். மரம் பனியின் தலையில். நான் மொத்தத்தையும் வானொலிக்காரர் தலையில்.

8.

ஐந்து மணிக்கு வெய்னோ வரச் சொல்லியிருந்தார், துணியை எடுக்கக் கை வேண்டும் என்று. புல்லெல்லாம் வெள்ளை, நடந்தால் நொறுங்கியது. வேலியில் மாட்டிய வெப்பமானி இருபத்தைந்தைக் காட்டியது. துணியின் வெளிப்பக்கம் அட்டைபோல விறைத்திருந்தது. உள்ளே பேச்சுச் சத்தம்.

"நீல் வந்துட்டான்," என்றது வெய்னோவின் குரல். "ஒரு பூவப் பறி. பிளந்து பாத்துடலாம்."

பூ செத்ததா என்பது வெளியே பார்த்தால் தெரியாது. இதழ் அப்படியே சிவந்திருக்கும். நகத்தால் பிளந்து நடுவில் பார்க்கவேண்டும். பச்சை என்றால் உயிர். கருப்பு என்றால் இல்லை.

"பறிச்சுட்டேன்," என்றார் டெல்லா. "பிளக்கமாட்டேன்."

"ஏன்?"

"மொதல்ல நீ சொல்லு."

"என்னத்த?"

"எட்டு வருஷமா மரத்த விட்டுத் தூது அனுப்பற. அது பேசாதுய்யா. உனக்கு என்ன வேணும்னு உன் வாயால சொல்லு. இது பச்சையா கருப்பான்னு தெரியறதுக்கு முன்னாடி சொல்லு."

ஆறிக்கொண்டிருந்த கல் ஒன்று உள்ளே டிக்கென்று விரிசல்விட்டது.

"போகாத," என்றார் வெய்னோ. பிறகு, கனமான எதையோ தூக்குகிறவர்போல, "இல்ல... போறதுன்னா, என்னையும் கூப்பிடு. நீ கூப்பிடவே இல்ல, டெல்லா."

டெல்லா பதில் சொல்லத் தொடங்கினார்.

நல்ல கதாசிரியன் இன்னும் ஓரடி முன்னால் போய்க் காதை வைத்திருப்பான். நான் நாலடி பின்னால் போனேன். இந்தக் கதையில் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். அதனால் கதைக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்கு மன்னிக்கவேண்டும்.

வெயில் வேலியைத் தாண்டி வந்தபோது துணியை விலக்கிக்கொண்டு இருவரும் வெளியே வந்தார்கள். இரண்டு பேர் முகமும் சிவந்து வியர்த்திருந்தது. கண் சிவந்திருந்ததும் அந்த ஆவியாலா என்று என்னால் சொல்லமுடியாது. அவர் முழங்கையை இவர் பிடித்திருந்தார், அல்லது இவர் முழங்கையை அவர்.

டெல்லா மூடிய கையை என்முன் நீட்டினார்.

"இந்தா கண்ணு. நீ வச்சுக்க. எங்களுக்கு இப்ப இது தேவையில்ல."

என் உள்ளங்கையில் பூ விழுந்தது. வெதுவெதுப்பாக இருந்தது, அது மரத்தின் சூடா அவர் கையின் சூடா என்று தெரியவில்லை. அவர்கள் மெதுவாக, வழுக்காத இடமாகப் பார்த்துப் பார்த்து நடந்து உள்ளே போனார்கள்.

நான் பிளக்கவில்லை. பத்திரமாக இதுவரை கொண்டுவந்துவிட்டேன், கையை நீட்டுங்கள். ஐந்து இதழ். நடுவில் நகம் வைத்தால் போதும், தெரிந்துவிடும். அதற்கு முன்னால் டெல்லா என்ன சொல்லியிருப்பார் என்று நீங்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

அவர்கள் வீட்டுச் சமையலறையில் காபி கொதிக்கிற வாசம் வருகிறது. வெய்னோ பேசுகிறார். இன்னும் பேசுகிறார்.